மோவாபுக்குத் திரும்பிப் போனவள்

அத்தை,

நேற்று தேவாரம் பஜாரில் மளிகைக் கடைக்காரர் புதிதாக வந்த சோப்புப் பெட்டியை என் கண் முன்னால்தான் பிரித்தார். சிவப்புக் கார்பாலிக் சோப்பு. அந்த வாசனை வந்ததும் என்ன வாங்க வந்தேன் என்பதை மறந்து நின்றுவிட்டேன். "என்னக்கா வேணும்? சொல்லுங்க, ஆளுக நிக்கிறாங்கல்ல" என்று அவர் அதட்டினார். உங்கள் கையை நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? பிரசவம் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் முழங்கை வரைக்கும் அந்தச் சோப்பைப் போட்டுத் தேய்ப்பீர்கள். கை ஈரம் காய்வதற்குள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். நீங்கள் எழுதிய தாள்களில் எல்லாம் அந்த வாசனை இருக்கும்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் மருமகளாக இருந்த ஈசுவரி இப்போது பொட்டிபுரத்தில் ஒரு சம்சாரி வீட்டில் இருக்கிறாள். சோளமும் பருத்தியும் விதைத்து, மாடு கறந்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அதையெல்லாம் நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கிற தூரத்தில்தான் இருந்தீர்கள். ஒரே பஸ்சு.

உங்கள் மகன் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. விடியற்காலையில் தேவாரத்தில் ஆட்களை ஏற்றி, போடி வழியாக மலை மெட்டு ஏறி, ஏலத் தோட்டங்களில் இறக்கிவிடுவார். ரேடியேட்டருக்கு எங்கள் வீட்டுத் தொட்டியில்தான் தண்ணீர் பிடிப்பார். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பேச்சு வளர்ந்தது. என்னைப் பெற்ற அப்பு சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்ததும் நீங்களே ஒருநாள் பஸ்சில் வந்து, என்னைக் கையோடு போடிக்குக் கூட்டிப் போனீர்கள். கிறிஸ்தவ வேதக்கார வீட்டில் போய் என்ன செய்யப்போகிறோம் என்று பயந்துகொண்டே வந்தேன். வந்த மறுநாள் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ ஒன் சாமியக் கும்பிடு, நான் என் சாமியக் கும்பிடுறேன். ஆனா எனக்கு ஒரு சோலி செஞ்சு கொடுக்கணும். ஒன் கையெழுத்து நல்லா இருக்குன்னு எம்மகன் சொன்னான்."

அந்தச் சோலி என்னவென்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் கதை எழுதுகிறவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்து எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியவர், வீட்டுக்கு வந்தால் ஆபிரகாமின் கூடாரத்துக்குள் புகுந்துகொள்வீர்கள். மதுரையில் அச்சாகிற சபைப் பத்திரிகையில் மாதம் ஒரு அத்தியாயம் வரும். உங்கள் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால் அச்சகத்துக்காரர் திட்டி எழுதியிருந்தார். பத்தாவது வரை படித்த நான் அதைத் திருத்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும். வேதத்தில் யார் யாருக்கு யார் என்பதையெல்லாம் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். யாக்கோபைக் கட்டிய அக்கா தங்கை லேயாளையும் ராகேலையும் எனக்கு உங்கள் தாள்கள் வழியாகத்தான் பழக்கம்.

வேதத்தில் ஒரு வரியில் முடிந்துபோவதுதான் உங்களுக்கு ஆரம்பம். "லேயாளுக்கு மகன் பொறந்தான்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. எம்புட்டு நேரம் வலிச்சுச்சோ, யாரு பிடிச்சாளோ, தங்கச்சிக்காரி அப்ப எங்க நின்னாளோ, ஒண்ணும் இல்ல" என்று அங்கலாய்ப்பீர்கள். பிறகு அந்த ஒரு வரிக்குப் பத்துப் பக்கம் எழுதுவீர்கள். யாக்கோபு ஆடு மேய்த்ததை எழுதுவதற்காக, அறுப்பு முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரிகளிடம் போய்ப் பொழுதெல்லாம் உட்கார்ந்து, குட்டி போடுகிற ஆடு எப்படிக் கத்தும், தாய் சேர்க்காத குட்டியை என்ன செய்வார்கள் என்று கேட்டு வந்தீர்கள். யாக்கோபின் கூலியை மாற்றி மாற்றிப் பேசி ஏமாற்றுகிற மாமனார் லாபானை, நாம் இரண்டு பேரும் அறிந்த ஒரு தோட்டத்துக் கங்காணி மாதிரியே எழுதினீர்கள். பல்லைக் குத்திக்கொண்டே பேசுவான். படித்துவிட்டு உங்கள் மகன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆபிரகாமின் மனைவி சாராளை எழுதியதில் ஒரு தடவை நான்தான் தப்புக் கண்டுபிடித்தேன். "அத்தே, சாராளு அம்மா பாயசத்துல ஏலக்காய் போடுறாங்க. அங்க ஏது ஏலக்காய்?" என்றேன். பேனாவை வைத்துவிட்டு யோசித்தீர்கள். மறுநாள் போதகரிடம் போய்ப் பழைய வேத அகராதியை வாங்கி வந்து புரட்டினீர்கள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. "ஒட்டகத்துல வாசனைச் சரக்கு ஏத்திட்டுப் போன வியாபாரிக உண்டுல்ல? நம்ம மலைக் காய் ஒரு கைப்பிடி போயிருக்கக் கூடாதா?" என்று என்னையே கேட்டீர்கள். எடுக்க மனசு வரவில்லை உங்களுக்கு. கடைசியில் பாயசத்தையே அடித்துவிட்டு அப்பமாக மாற்றினீர்கள். அன்று முழுவதும் முகம் தூக்கி வைத்திருந்தீர்கள்.

எல்லாரையும் எழுதிய நீங்கள் ரூத்தை மட்டும் எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டு எழுதியிருந்தார். சபைப் பெண்கள் கேட்டார்கள். "பாப்போம்" என்று சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தீர்கள். அப்படி என்னதான் அந்தக் கதை என்று நானே வேதத்தை எடுத்துப் படித்தேன். சின்னக் கதைதான். பஞ்சத்தில் பெத்லகேமை விட்டு மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போன நகோமி, அங்கே புருஷனையும் இரண்டு மகன்களையும் சாகக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறாள். கூட வந்த இரண்டு மருமகள்களையும் அவரவர் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ரூத் போகமாட்டேன் என்று மாமியாரைப் பற்றிக்கொள்கிறாள். மற்றவள், ஓர்பாள், அழுது முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். 

"அத்தே, அந்த இன்னொருத்தி என்ன ஆனா?" என்று கேட்டேன். நீங்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அதுக்கு மேல இல்ல. போயிட்டா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இல்லாததத்தான எழுதுறீங்க. இதையும் எழுதலாம்ல?"

"எனக்குத் தெரியாத ஒருத்தியப் பத்தி என்னத்த எழுத?" என்றீர்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நானும் கல் பொறுக்க உட்கார்ந்தேன்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் மெட்டுப் பாதையில் மண் சரிந்தது. ஏலக்காய் மூட்டை லோடு ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்பு பள்ளத்துக்குள் போயிற்று. உங்கள் மகனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அதை எழுத இப்போதும் என்னால் முடியவில்லை. நீங்கள் இருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒரு வரியில் விட்டிருக்க மாட்டீர்கள்.

வீட்டில் நடந்த ஜெபக் கூட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. போதகர் நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் பேசினார். பேசி முடிக்கிற நேரத்தில் என்னைக் காட்டி, "இந்த வீட்டுக்குக் கர்த்தர் ஒரு ரூத்தைக் கொடுத்திருக்கிறார். மாமியாரை விட்டுப் போகாத மகள்" என்றார். பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். அழுது அழுது குரலே போயிருந்த நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"ஐயா, அவளுக்கு அந்தப் பேரு வேண்டாம்."

போதகர் திகைத்துப்போனார். "நல்லதுக்குத்தான சொன்னேன்மா."

"எனக்கும் நல்லதுக்குத்தான் வச்சாங்க. வேண்டாம்யா."

எல்லாரும் போனபின் என்னை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தீர்கள். அதுவரை உங்கள் வாயால் நான் கேட்டிராத கதை. தோட்டத்தில் காய்ச்சல் கண்டு உங்கள் புருஷன் போனபோது உங்களுக்கு என் வயதுதான். இடுப்பில் கைக்குழந்தை. திண்டுக்கல் பக்கமிருந்து உங்கள் அண்ணன் கூட்டிப் போக வந்தார். நீங்கள் மாமியாரை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். "கோயில்ல அன்னைக்கு என்னைய நிப்பாட்டி ரூத்துன்னாங்க. அப்புறம் எங்க போனாலும் ரூத்து. கெழவிக்குக் கஞ்சி ஊத்துனா ரூத்து. வெள்ளச் சேலையில நடந்தா ரூத்து. ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற கம்பவுண்டர் ஒருத்தர் என்னையக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. நல்ல மனுசன். நான் ரூத்தாச்சே, எப்படி சரின்னு சொல்ல? அவரு வேற தோட்டத்துக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாரு."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: "அந்த ரூத்து கூடக் கடைசியில கல்யாணம் பண்ணிக்கிட்டா ஆத்தா. அத மட்டும் எங்க சபையில யாரும் நெனவு வச்சுக்கல."

அதற்கடுத்த வாரம் என்னிடம் சொல்லாமல் தேவாரத்துக்குப் போனீர்கள். எங்கள் அம்மா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பு காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாராம். நீங்கள் வரப்பிலேயே நின்று பேசினீர்களாம்.

"ஒங்க பொண்ணக் கொண்டாந்து விடுறேன். வச்சுக்கிருவீங்களா?"

"ஓடிப்போனவ" என்றாராம் அப்பு, மாட்டை நிறுத்தாமல்.

"அவளா ஓடல. நான்தான் வந்து கூட்டிப் போனேன். கோவத்த எம்மேல வச்சுக்கங்க. அவளுக்கு இன்னொரு நல்லது பண்ணிப் பாருங்க."

அப்பு அடுத்த உழவுச் சாலும் ஓட்டி முடித்துவிட்டு வந்தாராம். "வந்தா இங்கனக்குள்ளயே இருக்கணும். போடிப் பக்கம் ஒரு போக்குவரத்து இருக்கக் கூடாது. பேச்சு இருக்கக் கூடாது. இன்னொரு எடத்துல கொடுக்கணும்ல, நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாது."

"நான் இந்தப் பக்கம் வர மாட்டேன்" என்றீர்களாம். அம்மா மோர் கொடுத்தாளாம். வாங்கிக் குடித்துவிட்டு நடந்தே பஸ் நிறுத்தத்துக்குப் போனீர்களாம்.

போடி பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட்ட நாளை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீங்க இருக்கற எடத்துலதான் நான் இருப்பேன் அத்தே. ஒங்க சாமிதான் எனக்கும் சாமி" என்றேன். கதையில் ரூத் சொன்னதை நினைத்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"அந்த வசனத்த எங்கிட்டச் சொல்லாத ஈசுவரி. அது எனக்கு மனப்பாடம்" என்றீர்கள். என் கையைக் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தீர்கள். வெளியே வராத பிள்ளையை எடுக்கிற அதே பக்குவத்தோடு. "வெரசா ஏறு. கண்டக்டர் கத்துறான்." நான் ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதற்குள் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிட்டீர்கள். ஓர்பாளாவது முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு அதற்கும் இடம் தரவில்லை நீங்கள்.

மறு வருஷமே பொட்டிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் தாரம் தவறிப்போன மனிதர், பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டார். எனக்கு முன்பு ஒரு கல்யாணம் ஆகி, அந்தப் புருஷன் இறந்துபோனார் என்பது மட்டும் இவருக்குத் தெரியும். போடி என்கிற பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. அப்பு கேட்டுக்கொண்டபடி நானும் எழுப்பவில்லை. மூத்தவன் வீட்டிலேயே பிறந்தான்.

இரண்டாவதுக்கு வயிற்றில் பிள்ளை புரண்டு கால் கீழே வந்துவிட்டது என்று ஊர் மருத்துவச்சி கையை விரித்தாள். வாடகைக் காரில் போட்டு, போடியில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நடுப்பகல். டாக்டரம்மா தேனிக்குப் போயிருந்தார். பிரசவ அறைக்குள் கார்பாலிக் வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் மலைத் தோட்டத்து வேலையை விட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் உங்கள் கை தண்ணீருக்கு அடியில் அப்படியே நின்றது. வாசலில் என் மாமியாரும் நாத்தனாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"பேரென்னம்மா?" என்றீர்கள், முன்பின் தெரியாதவளைக் கேட்பது போல.

"ஈசுவரி."

"வீட்டுக்காரர் பேரு?"

சொன்னேன். அட்டையில் எழுதிக்கொண்டீர்கள். பிறகு அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். சாத்தியதும் என் தலையைப் பிடித்து உங்கள் வயிற்றோடு ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டீர்கள். நான் அழ ஆரம்பித்ததும், "அழுது தெம்ப விடாத. கால் வழியா வரணும் பிள்ள. ஒனக்குச் சோலி நெறைய இருக்கு" என்றீர்கள்.

வலிக்கும் வலிக்கும் நடுவில், என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே, காதோடு சொன்னீர்கள்: "எழுதி முடிச்சிட்டேன்."

"யார?"

"மத்தவள. ஓர்பாள."

அங்கேயே அந்தக் கதையைச் சொன்னீர்கள் அத்தை. அவள் மலைச்சரிவில் தனியாக நடந்து மோவாபுக்குப் போகிறாள். அப்பன் வீட்டில் சில நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வாற்கோதுமை அறுப்பு வருகிறது, கையில் அரிவாளைக் கொடுக்கிறார்கள், பேச்சும் தானாக வந்துவிடுகிறது. வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் பிறக்கின்றன. எனக்கு வலி வரும்போது நிறுத்துவீர்கள். வலி விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வீர்கள்.

"கடைசியில?" என்று கேட்டேன்.

"கடைசியில என்ன? அவ நகோமிய மறந்துட்டா. பேரு கூட நெனவு இல்ல. வீடு நெறையப் பிள்ளைக. அதோட முடிச்சிட்டேன்."

"ஏன் அத்தே அப்பிடி எழுதுனீங்க?"

"மறந்தாத்தான் அவ நல்லா இருப்பா."

"மறக்கல அத்தே. அது தப்பு. மாத்துங்க."

"பேசாத. முக்கு."

"மாத்துங்க அத்தே."

"அச்சுக்குப் போயிருச்சு. இப்ப முக்குறியா இல்லயா நீ?"

கலா பிறந்தாள். காலைப் பிடித்து, தோளை விடுவித்து, தலையை நோகாமல் எடுத்தீர்கள். கொஞ்ச நேரம் அவள் அழவில்லை. நீங்கள் அவள் வாயில் ஊதினீர்கள். அழுததும் துணியில் சுற்றிப் பின்பக்கத்து அறைக்குக் கொண்டுபோனீர்கள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தீர்கள்.

வீட்டுக்குப் புறப்படும்போது என் மாமியார் உங்களைக் கூப்பிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார். "நீங்க நல்லா இருக்கணும்மா. எங்க மருமகளக் காப்பாத்திக் கொடுத்தீங்க" என்றார். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். எங்க மருமக என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் எங்கே பார்த்தீர்களோ தெரியாது. கார் பக்கம் வந்து பிள்ளையை என் மடியில் கிடத்துகிறபோது, "பிள்ள நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வர்றேன்" என்று முணுமுணுத்தேன். "வராத. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

கலா நடந்தாள். ஓடினாள். பள்ளிக்கூடம் போனாள். உரம் வாங்கவும் பருத்தியை விலைக்குப் போடவும் வீட்டுக்காரரோடு போடிக்கு எத்தனையோ தடவை வந்தேன். கோயில் தெரு முனையில் பஸ் திரும்பும்போதெல்லாம் உங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பேன். ஒரு தடவை நீங்கள் குடையும் பையுமாக நடந்துபோவதைப் பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்து நடந்தீர்கள். கூப்பிட வாய் எடுத்தேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னென்று சொல்லி இறங்குவது? அப்பு கேட்ட வாக்கு, நீங்கள் கொடுத்த வாக்கு, இதில் என் வாக்கு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் இறங்கவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

போன வருஷம் தேவாரத்தில் பஸ்சுக்கு நிற்கும்போது, உங்கள் மகனோடு ஜீப் ஓட்டிய சிநேகிதர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலை நரைத்திருந்தது. "ஒங்க அத்தை போயி ஒரு மாசம் ஆச்சே தங்கச்சி, தெரியாதா?" என்றார். சர்க்கரை வியாதியாம். காலில் புண் ஆறவே இல்லையாம். கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டேன். "சபைக்காரங்க மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டாங்க. ஒரு கொறையும் வைக்கல" என்றார். மாற்றி மாற்றி என்ற அந்தச் சொல் இன்னும் என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல், "காலையில மொத பஸ்சுக்குப் போவோம்" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் உங்கள் மகனுக்குப் பக்கத்தில் உங்களை வைத்திருந்தார்கள். மண் இன்னும் அமுங்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார். போதகர் வீட்டம்மா என்னைத் தெரிந்துகொண்டு கையைப் பிடித்தார். உங்கள் கதை வந்த பத்திரிகைகளைக் கட்டி வைத்திருந்தார், கேட்டதும் கொடுத்தார். 

திரும்பி வரும்போது பஸ்சில் அவர்தான் பேச்சை எடுத்தார். "கலா பொறந்தப்பவே எங்காத்தா சொல்லுச்சு. அந்த நர்சம்மா பிள்ளைய வச்சுக்கிட்டுப் பின்னாடி போயி தேம்பித் தேம்பி அழுகுது, என்னன்னு தெரியலடான்னு. அந்தம்மா மகன் ஜீப் ஓட்டுனவருன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, ஜீப் ஸ்டாண்டுல போயி விசாரிச்சேன். எல்லாம் தெரிஞ்சுச்சு."

அவர் பக்கம் திரும்பினேன். "அப்பவே தெரியுமா? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீயா சொல்லாதத நான் எப்படிக் கேக்குறது? போகணும்னு நீ ஒரு நா கேப்ப, கூட்டிட்டுப் போவோம்னு இருந்தேன். வருசம் போயிருச்சு."

உடுப்பு மாற்றுவதற்கும் பஸ்சு பிடிப்பதற்கும் ஆகிற நேரம்தான் அத்தை உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. நான் கேட்டிருந்தால் அவர் கூட்டி வந்திருப்பார். அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். வா என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாரும் வந்திருப்போம். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். உங்கள் காலில் புண் ஆறாமல் இருந்த மாதங்களில் நான் அந்தத் தெரு வழியாகப் பஸ்சில் போய் வந்திருக்கிறேன்.

மலை ஓரமாகப் பஸ் வந்துகொண்டிருந்தது. என் மடியில் இருந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்து, "அதுல என்ன கதை?" என்று கேட்டார். வேதத்தை அவர் கண்ணால் பார்த்தது கூட இல்லை. நகோமியையும் இரண்டு மருமகள்களையும் பற்றிச் சொன்னேன். திரும்பிப் போனவளைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் கொஞ்சம் தயங்கி, "அவள ரெண்டாவதாக் கட்டுனவன எப்படி எழுதியிருக்கு அந்தம்மா?" என்றார். நான் இன்னும் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. அங்கேயே தேடி எடுத்துப் படித்தேன். கொஞ்சமாகப் பேசுகிறவன், வயலிலிருந்து வரும்போது அவளுக்கென்று முதல் கதிரைக் கொண்டுவருகிறவன் என்று எழுதியிருந்தீர்கள். "நல்லவன்னுதான் எழுதியிருக்காங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தைக் கூடப் பார்க்காமல் நீங்கள் எழுதியது அது.

கடைசி அத்தியாயத்தை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். நீங்கள் சொன்னது போலவே அச்சாகியிருந்தது. அவள் நகோமியை மறந்துபோனாள், பெயர் கூட நினைவில்லை, வீடு நிறையப் பிள்ளைகள். சபையில் எல்லாரும் அப்படித்தான் படித்திருப்பார்கள். போடியில் உங்களுக்கு ஒரு மருமகள் இருந்தாள், போனாள், மறந்தாள் என்றே இனி இருக்கும். அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதித் தர என்னிடம் நல்ல கையெழுத்து இருக்கிறது. வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை.

அதனால் கலாவுக்குச் சொல்கிறேன். போன வாரம் பருத்திக் காட்டில் எனக்குக் காலைச் சோறு கொண்டுவந்தவள் கதை கேட்டாள். ஓர்பாளின் கதையை உங்கள் அத்தியாயங்களின்படியே சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் மாற்றினேன். "அவ மறக்கல. வீடு நெறையப் பிள்ளைக இருந்தும் அவ மறக்கவே இல்ல. பெத்லகேம் அந்தப் பக்கம்தான இருக்குன்னு தெனமும் பாத்துக்கிட்டே இருந்தா" என்றேன்.

கலா தூக்குச் சட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்: "மறக்கலேன்னா ஏம்மா போயிப் பாக்கல?"

நான் குனிந்து பருத்தி எடுக்க ஆரம்பித்தேன். அவள் பதிலுக்காக நின்றாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி கேட்பாள் அத்தை. நீங்கள் கையில் வாங்கிய பிள்ளை, விடமாட்டாள். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்தபடிதான் நான் வரப்பில் நடக்கிறேன், மாடு கறக்கிறேன், சோறு வடிக்கிறேன்.

உங்கள் மருமகள்
ஈசுவரி